யாரு நினைக்கிறாங்களோ

கீழே ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் மாவு
கல்லில் அடிபடும் சத்தம்.
ஜெலுத்தோங் அடுக்குமாடியின் பதினோராம் மாடிக்கு
லிப்ட் பழுதானாலும் ஏறி வருவது
அந்த நெய் வாசனை ஒன்றுதான்.

பார்ப்பவர் எல்லாரும் அதையே கேட்கிறார்கள்.
பசியாறியாச்சா?
தலையாட்டி வைக்கிறேன்.
எட்டுக் கரண்டிக் கஞ்சி,
முக்கால் மணி நேரம்.
பசிக்கு முன்னால் கை சோர்ந்துவிடுகிறது.

பதினேழு வருஷம் ஃபெர்ரியில் வாசல் பார்த்தவன் நான்.
மோட்டார் இந்தப் பக்கம், ஆள் அந்தப் பக்கம்.
சங்கிலி போட்டு, விசில் ஊதி, கைகாட்டி
ஒருத்தரையும் பாதை மாற விட்டதில்லை.
பட்டர்வொர்த் கரையில் ஒரு மழை நாள்,
வழுக்கி வந்த மோட்டார் ஒன்று
என் தலையை இரும்புத் தூணில் கொண்டுபோய் வைத்தது.
கண் திறந்தபோது ஒன்பது நாள் போயிருந்தது.
மூக்கில் குழாய். நெற்றிக்கு மேல் தையல்.

பிறகு எக்ஸ்ரே திரையில் என் தொண்டையைக் காட்டினார்கள்.
வெள்ளை மருந்தில் தோய்த்த பிஸ்கட்
இருட்டில் இறங்குகிறது.
பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில்
சின்னதாய் ஒரு மூடி.
மூட வேண்டிய நொடியில் அது
எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.
பிஸ்கட் தயங்கி நின்று
மூச்சு போகும் பக்கம் திரும்பியது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அந்த வேலைக்கு என்னைக் கேட்டிருக்கலாம்.

பயிற்சி தருகிற ஹுஸ்னா
எனக்காக ஒரு தமிழ்ச் சொல் கற்று வந்தாள்.
"தாடையைக் குனி. விலுங்கு. இருமு.
மறுபடி விலுங்கு."
அவளுக்கு ழ வரவில்லை.
விபத்துக்குப் பின் எனக்கும் வரவில்லை.
இரண்டு பேரும் சேர்ந்து விலுங்கினோம்.

தண்ணீரைத் தண்ணீராகக் குடிக்கக் கூடாதாம்.
பாக்கெட் மாவைக் கலக்கி
கூழாக்கித் தருகிறாள் மரகதம்.
தே ஓ கூட அப்படித்தான்,
கரண்டியில் அள்ளி எடுக்கும் தேநீர்.
தாகம் என்பது தொண்டையில் இல்லை,
பற்களுக்குப் பின்னால், நாக்கின் ஓரத்தில்,
ஐஸ் கட்டி ஒன்று கன்னத்தில் இடித்த ஞாபகத்தில் இருக்கிறது.

எதையும் விழுங்காதபோதும்
அங்கே ஏதோ நிற்கிறது.
மீன் முள் மாதிரி. இல்லை,
சொல்ல வந்து நிறுத்திய பேச்சு மாதிரி.
குழாய் விட்டுப் பார்த்த டாக்டர்
ஒன்றுமில்லை என்றார்.
அந்த ஒன்றுமில்லையைத்தான்
இரவெல்லாம் செருமிக்கொண்டிருக்கிறேன்.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள்.
எச்சிலுக்கே எனக்குப் புரையேறுகிறது,
ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை.
முதலில் மரகதம் தலையில் தட்டி
"யாரு நினைக்கிறாங்களோ" என்பாள்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
ஃபெர்ரிக் கூட்டாளி ரஷீட்.
சுங்கைப் பட்டாணியில் தங்கச்சி.
அந்த மோட்டார்க்காரப் பையன்,
அவன் கட்டாயம் நினைப்பான்.
அதற்கு மேல் ஆள் இல்லை.
இப்போது அவள் அதைச் சொல்வதில்லை,
துண்டை மட்டும் நீட்டுகிறாள்.

"இருமல் வந்தால் நல்லது அங்கிள்.
சத்தமில்லாமல் இறங்குவதுதான்
நுரையீரலைக் கெடுக்கும்" என்றாள் ஹுஸ்னா.

மரகதம் என் முன்னால் சாப்பிடுவதில்லை.
சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.
விசிறியைப் போடுவாள், வாசனை இந்தப் பக்கம் வராமல் இருக்க.
கருவாடு வாங்குவதையே விட்டுவிட்டாள்.
அவள் தட்டில் விரல் படும் சத்தம்கூட
திருட்டுத்தனமாய்த்தான் கேட்கும்.

இன்றைக்கு மத்தியானம்
கதவுக்குப் பின்னால் அவளுக்குப் புரையேறியது.
ஒரு தடவை. இன்னொரு தடவை.
தன் உச்சந்தலையில் தானே தட்டிக்கொள்ளும் சத்தம்.
கரண்டியைக் கீழே வைத்தேன்.
தாடையைக் குனிந்து, விழுங்கி, இருமி,
குரல் எவ்வளவு வருமோ அவ்வளவில் சொன்னேன்.

நான்தான்.

விசிறிச் சத்தத்தில் கேட்டிருக்காது.
மறுபடி சொன்னேன்.