மேற்படி நால்வரும் ஒருவரே

ஆள்காட்டி விரல் நான்காம் தந்தியில், முதல் ஃப்ரெட்.
நடுவிரல் இரண்டாம் தந்தியில், அதே ஃப்ரெட்.
மோதிர விரலும் சுண்டு விரலும்
ஆளுக்கொரு ஃப்ரெட் மேலே,
மூன்றாம் தந்தியில் ஒன்று, ஒன்றாம் தந்தியில் மற்றது.
ஓடுகிற நண்டு
நிழல் கண்டு சட்டென்று நின்றால்
கால்கள் இப்படித்தான் இருக்கும்.

ஆறு வாரமாக இந்த நண்டு
என் சுண்டு விரலில் வந்து சாகிறது.
நாலு தந்தியில் மூன்று பேசும்,
ஒன்று தொண்டை கட்டிக்கொள்ளும்.
பேசிவிட்டாலோ
கீழ்வீட்டு அந்துவான் டிவியை அணைத்துவிட்டுக் கத்துவார்:
"யம்மா, பேய்ப் படமா பாக்கற?"

பகலில் நான் டைப்பிஸ்ட்.
கடலூர் சாலையில், கோர்ட்டுக்கு எதிரே,
ஜெராக்ஸ் கடையின் பாதி என்னுடையது.
ஊரார் பெயரில் விழும் பிழை
எனக்குச் சோறு.

செவ்வாய்க்கிழமை
நெல்லித்தோப்பிலிருந்து ஒருத்தி வந்தாள்,
மஞ்சள் பையில் நாலு காகிதம்.
ஞானஸ்நானப் பதிவில் மரி ஒர்த்தான்ஸ்.
பள்ளிச் சான்றில் ஒர்த்தன்சியா மேரி.
ரேஷன் அட்டையில் யாரோ சிரமம் பார்த்து
ஆர்த்தி மேரி.
பேங்க் புத்தகத்தில் வெறும் எம். ஆர்த்தி.

"இதுல உங்க பேரு எது?"

"எந்த ஆபீசுக்கு அனுப்பப் போறீங்க?
அத மொதல்ல சொல்லுங்க."

மேற்படி நான்கு பெயர்களும் ஒரே நபரையே குறிக்கும் என
உறுதி கூறுகிறேன் என்று
இருபது வருடமாக அடிக்கும் வரி.
'ஒரே' என்ற இடத்தில் விரல் நின்றது.
பிரிண்டர் தாள் கேட்டுக் கத்தியது.

அன்று இரவு
நண்டை அப்படியே மூன்று ஃப்ரெட் தள்ளினேன்.
அதே நாலு சுரம்,
நாற்காலி மட்டும் மாறி உட்கார்ந்திருந்தன.
இன்னும் மூன்று. அதே நால்வர்.
இன்னும் மூன்று.
பன்னிரண்டில் கணக்கு தீர்ந்து முதல் ஆளே வந்தான்,
குரல் மட்டும் மெலிந்து.

நோட்டில் பன்னிரண்டு டிமினிஷ்டை
பன்னிரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.
ஒன்பதை அடித்தேன்.
உலகத்தில் மொத்தம் மூன்றுதானாம்.
மற்றதெல்லாம் ரேஷன் கடைக்காரர் எழுதியது.

இதற்கு ஏன் வீடில்லை என்றும் அப்போதுதான் பிடிபட்டது.
எல்லாப் படியும் ஒரே உயரம் என்றால்
எது தரை, எது மாடி?
நால்வரில் எவரும் தலைவர் இல்லை,
எவரை வேண்டுமானாலும் தலைவராக்கலாம்.
ஏதாவது ஒரு விரலை, எதையாவது,
ஒரே ஒரு ஃப்ரெட் பின்னால் இழு:
கோர்ட் அந்தக் கணமே ஒரு பக்கமாய்ச் சாய்ந்து
ஒரு வீட்டு வாசலில் நிற்கும்.
வேறு விரலை இழுத்தால் வேறு தெரு.
பயமுறுத்துகிற சத்தம் என்று நினைத்திருந்தேன்.
அது நாலு பக்கமும் காது கொடுத்து நிற்கிற சத்தம்.

வியாழன் வந்து கையெழுத்துப் போட்டாள்.
நாலு பெயரில் எதுவும் இல்லை அது.
ஒரு நீளக் கோடு, முடிவில் ஒரு சுழி,
கோலம் போடும்போது மாவு தீர்ந்த மாதிரி.
நோட்டரி நிமிராமல் முத்திரை குத்தினார்.
நூற்றைம்பது கொடுத்து
முப்பது ரூபாய் மீதி எண்ணி வாங்கிப் போனாள்.

இப்போது மணி பத்தே கால்.
சி மேஜர்.
அடுத்து சி ஷார்ப் டிமினிஷ்ட்.
சுண்டு விரல் இன்று சாகவில்லை,
நாலும் பேசுகின்றன.
வாசிப்பதை நிறுத்தி, அழுத்தம் விடாமல்
அப்படியே பிடித்திருக்கிறேன்.
சத்தம் மெல்ல மெலிகிறது,
ஃபேன் தெரிகிறது, பிறகு
ஈசிஆரில் ஒரு லாரி.

கீழே டிவி நின்றது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, கோபமே இல்லாமல், அந்துவான்:
"ம்... அப்புறம்?"

டி மைனர் அரைச் சுரம் தள்ளித்தான் நிற்கிறது,
விளக்கைப் போட்டுக்கொண்டு.

ஒரு நிமிஷம் சார்.
விலாசம் இன்னும் அடிக்கவில்லை.