புகையிலை நிற நூல்

விசாரணைக்கு வந்தவள் தேதி கேட்டாள்.
தெரியாது என்றேன்.

மசேரு நகரத்தின் தொழிற்பேட்டையில்
ஜீன்ஸின் ஐந்தாவது பை தைக்கிறவள் நான்.
முன்பையின் வாய்க்குள் ஒளிந்திருக்குமே, அந்தச் சின்னப் பை.
இரண்டு விரல் நுழையும், ஒரு நாணயம் தங்கும்.
யாரும் எதையும் வைப்பதில்லை.
ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம்.
இதில் தேதிக்கு எங்கே போவது?

அன்று நூல் மாறியது என்றேன்.
காலையில் நீலம்.
சோளக்களி தின்று கை கழுவிய ஈரம் காயுமுன்
புகையிலை நிறம்.
கோன் எடுக்க எழுந்தேன்.
எழாமல் இருந்திருந்தால் பார்த்திருக்க மாட்டேன்.

எங்கள் வரிசையில் எழுதாத விதி ஒன்று:
ஊசியைப் பார்.
அவன் யார் பெயரைக் கூப்பிட்டாலும் ஊசியைப் பார்.
போனவள் திரும்பி வரும்போது இன்னும் உற்றுப் பார்.
விரல் தப்பும். வேலையும் தப்பும்.

ஓவர்டைம் பட்டியல் கோபோட்லோவின் சட்டைப் பையில் இருக்கும்.
மாதக் கடைசி ஒப்பந்தத் தாளும் அங்கேதான்.
பெயர் வேண்டுமென்றால்
பட்டன் அறைக்கு வந்து கேட்க வேண்டும்.
பட்டன் அறைக்கு ஜன்னல் கிடையாது.

ரெலெபோஹிலே கேட்கப் போகவில்லை.
அவன்தான் கூப்பிட்டான்.
கோனோடு திரும்பும்போது கதவு பாதி திறந்திருந்தது.
அவன் கை எங்கே இருந்தது என்று சொன்னேன்.
அவள் கை எங்கே இருந்தது என்றும் சொன்னேன்:
அலமாரி விளிம்பில், நகம் வெளுக்க.
மூன்று முறை 'வேண்டாம்' கேட்டது.
நான்காவதை என் மெஷின் தின்றது.
மிதித்தவள் நான்.

அதை எழுதாதே என்றேன்.
பேனாவைக் கீழே வைத்தாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"எழுதட்டுமா?" என்றாள்.
அந்தக் கட்டடத்துக்குள் என்னை ஒருவர்
கேட்டுவிட்டு ஒன்றைச் செய்தது அதுதான் முதல் தடவை.
எழுது என்றேன்.

இன்னொன்றும் இருந்தது.
கழிப்பறைச் சுவரில் ஒட்டிய இலவச எண்ணுக்கு
ரெலெபோஹிலே பேசிய மறுநாள்
அவன் நல்லவன் என்று ஒரு தாள் வரிசை வரிசையாக வந்தது.
இருபத்து மூன்று கையெழுத்து.
பத்தொன்பதாவது என்னுடையது.
மகனின் பள்ளிக் காலணி என்ன விலை என்றும் சொன்னேன்.
அதை அவள் எழுதிக்கொள்ளவில்லை.

நூல் மாறிய அன்றா,
நான் ஊரிலேயே இல்லையே என்றான் கோபோட்லோ.

கிடங்குப் பேரேட்டைப் புரட்டினார்கள்.
புகையிலை நிறம், நாற்பது கோன், வரிசை ஏழு.
ஜூலை பதினேழு, வியாழன், ஒன்று நாற்பது.
பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில்
வால் நீட்டிய அவன் கையெழுத்து.
மலைமேல் பனி விழுந்த நாள் என்று
அப்புறம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.
ஆளாளுக்குச் சொன்னார்கள், போர்வைக்குள் இருந்தபடி.

அவன் போய்விட்டான்.
பக்கத்து ஆலையில் பார்த்ததாக ஒருத்தி சொல்கிறாள்,
இல்லை என்கிறாள் இன்னொருத்தி.
பட்டன் அறைக் கதவை அறுத்துக் கண்ணாடி வைத்தார்கள்.
பட்டியல் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டப்படுகிறது.
யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று
சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வகுப்பு. அதற்கும் கூலி உண்டு.
"சொன்னால் கேட்கிறவனும் சிரித்தால்?" என்றாள் மாபுசெலெட்சோ.
வகுப்பெடுத்தவள் உடனே பதில் சொல்லவில்லை.
அதனால் அவளை எங்களுக்குப் பிடித்தது.

ரெலெபோஹிலே நான்காம் வரிசைக்கு மாறிவிட்டாள்.
என்னோடு பேசுவதில்லை.
அந்தத் தாளை அவளும் பார்த்திருக்கிறாள்.
வாசலில் டாக்சிக்கு நிற்கும்போது
எங்களுக்கு நடுவில் இரண்டு பேர் நிற்கும்படி நிற்கிறாள்.
நான் நகர்ந்து போய் நிற்பதில்லை.

நேற்று புது சூப்பர்வைசர்
எங்கள் வரிசைக் கடைசிப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.
பதினொரு மெஷின் நின்றது.
பதினொரு தலை நிமிர்ந்தது.

கத்தரிக்கோல் கேட்கத்தான் கூப்பிட்டானாம்.
கொடுத்தாள்.
அவள் திரும்பி வந்து உட்காரும்வரை
பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
குனிந்தோம்.