ஜன்னலைச் சாத்திய பிறகு

சாந்தியாகோவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தது.
கடைசியாக ரேம்,
ஏதோ கிடங்கில் பதினோரு நாள் தூங்கிவிட்டு.

தரையில் உட்கார்ந்து பூட்டினேன்.
செயலியின் முதுகில் வெப்பப்பசை
ஒரு பட்டாணி அளவு என்கிறார்கள்;
எந்த ஊர்ப் பட்டாணி என்று யாரும் சொல்வதில்லை.

முதல் வாரம் அதன் போக்கில் ஓடட்டும் என்று விட்டேன்.
புது எஞ்சினை முதல் நாளே முறுக்குகிறவனை
எங்கள் படகில் வேலைக்கு வைப்பதில்லை.
நீரிணையைக் கடந்து போர்வெனிர் போய்த் திரும்பும்
அந்தப் படகின் அடித்தளத்தில்
ஆறு வருடமாக எண்ணெய் வாசனையோடு நிற்கிறேன்.
சிவப்புக் கோட்டுக்கு முன்னால்
முள் தொடாமல் விட்டுவைக்கும் கொஞ்ச இடம்
எதற்கென்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் கை அரித்தது.

"தானியங்கியில் போடு நெவென்கா,
அதுவே பார்த்துக்கொள்ளும்" என்றான் நிபால்தோ.
அவனுடையது அதுவேதான் பார்த்துக்கொண்டது.
கேட்காமலே ஒன்றரை வோல்ட் ஊட்டி ஊட்டி
வளர்த்த அந்தச் செயலி
இப்போது அவன் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

எனவே ஆசை முற்றுவதற்கு முன்பே
ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்:
ஒன்று புள்ளி மூன்று. அதற்கு மேல் இல்லை.
என் கையெழுத்துதான்.
என்னை நம்பாமல் நானே எழுதியது.

ஜூலை. ஆறு மணிக்குள் கும்மிருட்டு.
படங்களையெல்லாம் வேறு வட்டுக்கு மாற்றினேன்.
பிறகு பெருக்கியில் ஒன்று கூட்டு,
சேமி, மறுபடி எழுப்பு,
எட்டுக் கருக்களும் மூச்சு வாங்க
அரைமணி நேரம் சோதனை.
நாற்பத்தேழு: எழுபது டிகிரி.
நாற்பத்தெட்டு: எழுபத்துமூன்று.
நாற்பத்தொன்பதில் விசிறி குரல் மாறியது.
ஐம்பதில் திரை நீலமாகி
சோக முகம் ஒன்றைக் காட்டியது.
துக்கம் விசாரிக்கிறதா, அறிவிக்கிறதா
என்று புரியவில்லை.

ஒரு வோல்டில் நூற்றில் ஒரு பங்கு ஏற்றினேன்.
மறுபடி நீலம்.
இன்னொரு பங்கு.
தாளில் இருந்த எண்ணை எட்டிப் பிடித்தபோது நின்றது.
ஐம்பது. எழுபத்தொன்பது டிகிரி.
இரவு முழுக்க.
காலையில் கண் எரிய எழுந்து பார்த்தேன்,
பிழை: பூஜ்யம்.
படகில் எல்லோரிடமும் சொன்னேன்,
கேட்காதவர்களிடமும்.

சனிக்கிழமை மிர்த்தா வந்தாள்
தன் தங்கை கல்யாணக் காணொளியை வெட்டி ஒட்ட.
வந்த வேகத்தில்
"பைத்தியமா உனக்கு, ஜூலையில்!" என்று
என் முதுகுக்குப் பின்னால் நான்கு விரல்கடை
திறந்தே கிடந்த ஜன்னலை அறைந்து சாத்தினாள்.
எரிவாயு அடுப்பை ஏற்றினாள்.
அப்போதுதான் கவனித்தேன்,
நான் கோட்டைக் கழற்றவே இல்லை,
ஒரு வாரமாக.

எண்பத்தேழு. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றாறு.
மணமகள் கேக்கை வெட்டக் கை ஓங்கிய கணத்தில்
நீலம்.

நோட்டைப் புரட்டினேன்.
அத்தனை பக்கத்திலும் நுணுக்கி நுணுக்கி
நான் குறித்து வைத்திருந்தது
மகெல்லன் காற்றின் வெப்பநிலை.

மறுபடி தொடங்கினோம்.
ஜன்னல் சாத்தி, அடுப்பு எரிய,
அடுத்த அறையில் மிர்த்தா சோப்பைப்பியா பொரிக்க,
எண்ணெய்ப் புகையும் சேர,
இந்த வீடு எப்படி இருக்குமோ அப்படியே.
நாற்பத்தெட்டில் நின்றது.
மின்னழுத்தத்தையும் இரண்டு படி இறக்கினேன்.
எண்பத்தொன்றைத் தாண்டவில்லை.

"ஐம்பதுக்கும் இதுக்கும்
என்ன வித்தியாசம்?" என்றாள், வாயில் சோப்பைப்பியாவோடு.
காணொளி முடிய
இரண்டு நிமிடம் கூடுதல், என்றேன்.
"அவ்வளவுதானா" என்று
இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

நிபால்தோவிடம் இன்னும் சொல்லவில்லை.
அவன் கணக்கில் நான் ஐம்பது.
சுவரில் தாள் அப்படியே இருக்கிறது.
கேக் வெட்டியாயிற்று.