பதினோராவது பெயர்

வால்பரைசோவில் மூடுபனி
பேரவைக் கண்ணாடிவரை ஏறிவந்த காலை.
மேடைக்குக் கீழே என் சின்ன மேசை,
சுருக்கெழுத்து இயந்திரம்,
இருபத்தாறு வருடத்தில் தேய்ந்த விசைகள்.

அமைச்சர் மிரேயா ஒயார்சூன்
மலைச்சரிவுத் தீயில் இறந்தவர் பெயர்களை
வாசித்துக்கொண்டு வந்தார்.
பத்துப் பெயர்கள்.
பிறகு நின்றுவிட்டார்.
என் விரல்கள் விசைகளுக்கு மேலே காத்திருந்தன.
யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

பதினேழு நொடி என்றது ஒரு தொலைக்காட்சி.
பத்தொன்பது என்றது மற்றொன்று,
அவர் தொண்டை ஏறி இறங்குவதை
மெதுவாக்கி, பெரிதாக்கி, வட்டம் போட்டுக் காட்டி.
துறைமுகத்துச் சாராயக்கடையில்
நீலிக்கண்ணீர் என்று மேசையைத் தட்டினார்கள்.
உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும்
'கண்ணீரே வரலையே, நீங்க எதைப் பாத்தீங்க?' என்றாள்.

போன குளிர்காலத்தில் இதே மேடையில்
செனட்டர் பௌஸ்தினோ உர்ரெஹோலா
மூழ்கிய இழுவைப் படகுக்காக விம்மினார்.
அழுகிற ஆணை நம்பாதே என்பார்கள்;
நம்பினார்கள்.
பாறையில் ஊற்று என்று எழுதியது காலைப் பத்திரிகை.
கைக்குட்டை நீட்டியவருக்குக்கூட
அடுத்த தேர்தலில் ஓர் இடம் கிடைத்தது.

சுரங்கத் துறை யூடித் அல்வியாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.
வரிசையாகச் சவப்பெட்டிகள், அவர்
முகம் அசையவில்லை.
கல்நெஞ்சுக்காரி. பதவி போயிற்று.

அன்று மாலை எனக்கு இரண்டு அழைப்புகள்.
'கண்ணீர் மல்க' என்று சேர்க்கச் சொன்னது ஆளுங்கட்சி.
'பேச இயலாமல் தடுமாறி' என்று கேட்டது எதிர்க்கட்சி.
எங்கள் விதிப்புத்தகம் பழையது:
காதில் விழுந்தது மட்டும் பதிவாகும்.
இருமல் பதிவாகும். கைத்தட்டல் பதிவாகும்.
நான் ஒரு கோடு போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

பெயர்களின் எழுத்தைச் சரிபார்க்க
அவர் வாசித்த தாளை வாங்கிவந்தேன்.
கறை இல்லை, கசங்கல் இல்லை.
பதினோராவது பெயருக்குப் பக்கத்தில்
பென்சிலில், சின்னதாக:
இங்கே மூச்சு விடு.

யாருடைய கையெழுத்து, தெரியாது.
பேச்சு எழுதிக்கொடுத்தவனுடையதா,
முந்தின இரவு சமையலறையில்
வாசித்து வாசித்துப் பார்த்து
அந்தப் பெயரைத் தாண்ட முடியாமல்போன ஒருத்தியுடையதா.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
பென்சில் பென்சிலாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தப் பெயரை நான் தப்பாக எழுதியிருந்தேன்.
அய்லின் இல்லை, அய்லேன். வயது ஆறு.
திருத்தினேன்.
அதைப் பற்றி யாரும் அழைத்துக் கேட்கவில்லை.