ஐம்பது லக்ஸ்

நாற்காலிகள்மேல் பைன் காய்களை வைக்கிறேன்.
'உட்காராதீர்' என்று எழுதினால்
அதைப் படிக்கவே உட்காருவார்கள்.
காய்க்கு மட்டும் மரியாதை உண்டு ஷ்ராப்ஷயரில்.

பட்டுச் சுவருக்கு ஐம்பது லக்ஸ், அதற்குமேல் கூடாது.
அதனால் ஜூன் மாத நண்பகலில்
வரவேற்பறையில் மணி மாலை ஆறரை.
"இந்த இருட்டிலா வாழ்ந்தார்கள், பாவம்?"
என்கிறார் மழைக்கோட்டுப் பெண்மணி.
இல்லை அம்மா,
அவர்கள் ஜன்னலை அகலத் திறந்துபோட்டு
எல்லாவற்றையும் வெளுக்கவிட்டு வாழ்ந்தார்கள்.

சமையலறையில் மெழுகு வான்கோழி.
ஈ மொய்ப்பதில்லை, குழந்தைகள் மொய்க்கும்.
ஒரு தொடையில் பல் பதிந்திருக்கிறது.

தூசியில் பாதி வந்தவர்களின் தோல் என்றார்
பயிற்சி வகுப்பில் மிஸ்டர் ஹேவர்கில்.
சீட்டு வாங்கி உள்ளே வந்து
தங்களைக் கொஞ்சம் விட்டுப் போகிறார்கள்.
திங்கள்தோறும் மென்தூரிகையால்
அவர்களை வெளியே அனுப்புகிறேன்.

பிப்ரவரியில்
பணிப்பெண்கள் படுத்த மேல்மாடியில்
தச்சர் டில்விந்தான் ஜன்னல்கதவைக் கழற்றினார்.
உட்புற மரத்தில் பென்சில் எழுத்து:
'கூஜாத் தண்ணீர் உறைந்துவிட்டது. மறுபடியும்.
இ. ட்ரூ.'

கூட்டம் போட்டோம். தேநீர், பிஸ்கட்.
மேலே போக ஒரே படிக்கட்டு, அதுவும் முழங்கை அகலம்.
தீயணைப்புத் துறை தலையாட்டவில்லை.
படம் எடுத்தோம், எண் கொடுத்தோம், நாலாயிரத்து நூற்றுப் பதினேழு.
டில்வின் கதவைத் திரும்ப மாட்டினார்,
எழுத்து உள்பக்கம்.

இன்று எழுநூறு பேர்.
சீமாட்டியின் கட்டிலைச் சுற்றிச் சிவப்புக் கயிறு.
பூட்டும் முன்
ஒரு காயை எடுத்துக்கொண்டு
மூச்சு வாங்க மேலே ஏறினேன்.

வைக்க நாற்காலி இல்லை.
இறங்கிவந்து
பழைய பொருள் பட்டியலைப் புரட்டினேன்.
அதிலும் இல்லை.