உள்ளங்கை ஒரு வீதம்

மல்லாவி ஆஸ்பத்திரிக்கு மாசி மாசம்
சுணையோடுதான் வரும்.
வெட்டு மெஷினுக்குப் பின்னால் நின்றவர்கள்
கழுத்தைச் சொறிந்தபடி வாங்கில் நெருக்கி இருப்பார்கள்.

நாற்பத்தியோராம் இலக்கத்துக்கு இடுப்பில் படை,
வட்டமாய், ஓரம் தடித்து, நடு ஆறி.
நாற்பத்திரண்டுக்கு விரலிடுக்கெல்லாம் சிரங்கு.
"இரவிலையோ கூடக் கடிக்குது?"
"ஓம் டொக்டர்."
"வீட்டிலை எத்தினை பேர்?"
"ஆறு பேர். பாய் ரெண்டு."
ஆறு பேருக்கும் மருந்து எழுதினேன்,
பாய்களுக்கு வெயில்.

நாற்பத்திமூன்று, ஆழ்வாப்பிள்ளை,
முதுகில் வெளிறிய ஒரு திட்டு.
தேமல் எண்டு தானே சொல்லிவிட்டார்.
கண்ணை மூடச் சொல்லிப்
பஞ்சு நுனியால் தொட்டேன்.
"தொட்டால் சொல்லுங்கோ."
மூன்று தரம் தொட்டுவிட்டேன்.
அவர் இன்னும் காத்திருந்தார்,
நல்ல பிள்ளை மாதிரி.
வேறு தாள் ஒன்றை எடுத்தேன்.

அப்போதுதான் இலக்கமில்லாமல்
தனுர்சனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள் ரஜிதமலர்.
வடித்த கஞ்சி. நெஞ்சிலும் தொடையிலும்.
மேலே பற்பசை, அரைக் குழாய்.
"தண்ணி ஊத்தேல்லையோ?"
"பக்கத்து வீட்டிலை இதைத்தான் பூசச் சொன்னவை..."

கழுவக் கழுவக் கத்தினான். நல்லது.
அழுத்தினால் வெளுத்து, விட்டால் சிவந்தது. நல்லது.
கொப்பளம் உடைந்த இடம் ஈரமாய் மினுங்கியது.
தொடையில் ஓரிடம் மட்டும்
வெள்ளையாய், காய்ந்து.
அங்கே தொட்டபோது அவன் அழவில்லை.
தாய் மூச்சுவிட்டாள்.
நான் விடவில்லை.

இனி அளக்க வேண்டும்.
அவனவன் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து,
அவனவன் உடம்பில் ஒரு வீதம்.
பொத்திய கையை விரித்தேன்; உள்ளே ஒரு சோடா மூடி.
அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு
படாமல், தோலுக்கு ஒரு விரற்கடை மேலே
அவன் கையைப் பிடித்து நகர்த்தினேன்.
ஒன்று, இரண்டு...
வெறும் சிவப்பைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.
ஒன்பது.
கிளிநொச்சிக்கு எழுதினேன்,
அந்த அழாத இடத்துக்காக.

சேலைன் ஏற்றும்போது அவனை அமத்திப் பிடித்தாள்.
சோட்டியின் கை மேலேறியது.
முழங்கையிலிருந்து தோள்வரை
மினுங்கிச் சுருங்கி, மயிரில்லாமல்,
இந்த வெக்கையிலும் வியர்க்காத தோல்.
"எத்தினை வயசிலை?"
"பதினொண்டு."
வன்னியில் வயசைச் சொன்னால்
வருசத்தைக் கேட்கத் தேவையில்லை.

அவள் மற்றக் கையை எடுத்து
நான் செய்த மாதிரியே
தன் தழும்பின் மேல் வைத்து வைத்து நகர்த்தினாள்.
"மூண்டு. என்ன டொக்டர்?"
ஓம் என்றேன்.
அப்போதும் மூன்றாய்த்தான் இருந்திருக்கும்.
கை வளர அதுவும் கூடவே வளர்ந்திருக்கும்.
அன்றைக்கு அளக்க
ஆருக்கு நேரம் இருந்தது?

அம்புலன்ஸ் மாங்குளம் தாண்டியிருக்கும்.
சோடா மூடி என் மேசையிலேயே கிடந்தது.
நாற்பத்திநான்கு உள்ளே வந்தார்,
சொறிந்தபடி.