இரண்டு விநாடி

பிடிக்கிறது, இரண்டு விநாடி ஓடுகிறது, அணைகிறது.
மறுபடி சாவி. பிடிக்கிறது. ஒன்று, இரண்டு.
மீட்டரில் சிவப்பாக ஒரு குட்டிச் சாவிப் படம்
கண்ணடிக்கிறது,
நீ யார் என்று கேட்டு.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு. மே மாதம்.
பானெட்டில் வைத்த ஸ்பானரை எடுக்கத் துணி வேண்டும்.
தாண்டவராயன் ஒன்பது நாளாக வந்து நிற்கிறான்:
"டீசல் வருது, கரண்ட் வருது,
அப்பறம் இன்னா நோவு அதுக்கு?"
நோவு இல்லை.
சந்தேகம்.

போன மாதம் ஒரே ராத்திரி கோடை மழை,
ரயில் பாலத்தடியில் சீட் வரைக்கும் தண்ணீர்.
விடியற்காலை காட்பாடியில் இறங்கும் வங்காளத்து நோயாளிகளை
எக்ஸ்ரே கவரோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வண்டி அது.
மூளைப்பெட்டி செத்துவிட்டது.
புதிதின் விலை கேட்டு அவன் சிரித்தான்.
சிரித்து முடித்ததும் பழைய இரும்புக்குப் போனோம்.

பள்ளிகொண்டா டோலுக்கு இந்தப் பக்கம் லாரியில் மோதிய கார்:
அதே கம்பெனி, அதே வருஷம், அதே வெள்ளை.
பெட்டியைக் கழற்றி வந்து மாட்டினேன்.
எண் பொருந்தியது, பின் பொருந்தியது.
பொருந்தாதது எதுவோ அதன் மேல்
எண் எதுவும் அடித்திருக்கவில்லை.

ஃபியூஸ் பார்த்தேன். எர்த் சுரண்டினேன்.
"பேட்டரிய ஒரு ராத்திரி கழட்டி வெய்யி, மறந்துடும்"
என்றான் பக்கத்து ரேடியேட்டர் கடை நயீம்.
மறக்கவில்லை.
மறக்காமல் இருப்பதற்கென்றே செய்த சாமான்.
ஸ்கேனர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு வரி:
சாவி தெரியாது.

மறுபடி யார்டு. ஸ்டியரிங்குக்கு அடியில் கைவிட்டு
தீப்பெட்டி அளவில் இன்னொரு பெட்டியை உருவினேன்.
பெட்டியும் பெட்டியும் பேசிக்கொண்டன.
ஆனாலும் சிவப்பு.
மூன்றாவது ஆள் வேண்டுமாம்:
பழைய சாவியின் பிளாஸ்டிக்குக்குள்
அரிசி நீளத்தில் ஒரு சில்லு.

சாவி குடியாத்தத்தில்,
கோவிந்தராஜுலுவின் தலையணைக்கு அடியில்.

காலுக்குள் கம்பி வைத்துப் படுத்திருக்கிறார்.
வண்டி நசுங்கியதை அவர் பார்க்கவில்லை,
எடைக்குப் போட்டதையும்.
ராத்திரி சாப்பிட்டதும் ஜன்னல் பக்கம் கையை நீட்டி
பொத்தானை ஒரு தரம் அமுக்குவாராம்.
பூட்டியாச்சு.
அப்புறம்தான் தூக்கம்.

"வண்டி போச்சு, தவணை போவல" என்றார் லோகாம்பாள்.
"சாவியத் தரமாட்டாரு.
உள்ள கீறத எடுத்துக்க, எண்ணூறு குடு,
அவரு எழுந்துக்கறதுக்குள்ள."

தண்ணீர் மோட்டார் பக்கம் உட்கார்ந்து
பிளேடால் பிளந்தேன்.
சில்லு வேர்வையில் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது.
"அந்த எடம் காலியா கீதே" என்றார் அந்தம்மா.
என் சட்டைப்பையில் தாண்டவராயன் சாவியின் சில்லு இருந்தது.
ஒரே வளையத்துக்குள் இரண்டு பேர் பேசினால் வண்டி குழம்பும்,
காலையில்தான் அதை வெளியே எடுத்திருந்தேன்.
அதை உள்ளே வைத்து ஒட்டிக் கொடுத்தேன்.
அமுக்கிப் பார்த்தார். சின்ன விளக்கு எரிந்தது.
பொத்தானுக்குத் தனி பேட்டரி, தனி வேலை;
அதற்கு ஒன்றும் தெரியாது.

சாயங்காலம்,
சாவித்துளை வளையத்தோடு சில்லைச் சேர்த்து
கறுப்பு டேப் நாலு சுற்று.
தாண்டவராயன் திருப்பினான்.
ஒன்று. இரண்டு.
மூன்று.
எண்ணுவதை நிறுத்த வேண்டும் என்று
எங்களுக்கு நாற்பதில்தான் தோன்றியது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்:
காவல்காரன் இனி வண்டிக்குள்ளேயே குடியிருக்கிறான்,
பஸ் ஸ்டாண்டில் ஐம்பது ரூபாய்க்கு வெட்டிய சாவிக்கும்
இது ஓடும்.
"என் வண்டிய எவன் எடுப்பான்" என்றான்,
அறுநூறு பாக்கி வைத்துவிட்டுப் போனான்.

யாரையும் சந்தேகிக்காத ஒரு கார்
காட்பாடி ஸ்டேஷன் வாசலில்
ஹவுரா ரயிலுக்காக நிற்கிறது.
குடியாத்தத்தில் ஒருவர்
சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவி, துடைத்து,
ஜன்னல் பக்கம் நீட்டுகிறார்.